கடற்படை அதிகாரியும் நீர்வண்ணப் பெட்டியும்: மும்பைத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கடற்படையில் இருந்த தாத்தாவோ பெரியப்பாவோ உண்டு. அவர்களில் சிலர் வரைந்து வைத்த படங்கள் டிரங்குப் பெட்டியிலோ பரணிலோ கிடக்கின்றன. அந்தப் படங்களை எப்படிப் பார்ப்பது, எப்படிக் காப்பது, அதே வழியில் இன்று துறைமுகத்தை எப்படி வரைவது என்று வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கடற்படை அதிகாரிக்கு ஓவியம் எதற்கு? பொழுதுபோக்குக்காகவா?

தொடக்கத்தில் அது பொழுதுபோக்கே அல்ல, வேலை. புகைப்படக் கருவி வருவதற்கு முன், புதிய கரையைக் கண்ட அதிகாரி அதை வரைந்துதான் அடுத்த கப்பலுக்குச் சொல்ல முடியும். எந்தக் குன்று எந்தக் கோவிலுக்கு நேராக வந்தால் ஆழமான வாய்க்கால், எந்தப் பாறை கடல் ஏற்றத்தில் மறையும் என்பதையெல்லாம் கடலிலிருந்து பார்க்கும் தோற்றமாக வரைந்து வரைபடத்தின் ஓரத்தில் அச்சிட்டார்கள். பிரிட்டிஷ் கடற்படை 1795இல் தனக்கென நீரளவைத் துறை ஒன்றைத் தொடங்கி, அதன் தலைவராக அலெக்சாண்டர் டால்ரிம்பிளை அமர்த்தியது. அவர் அதற்கு முன்பே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதே வேலையைச் செய்துவந்தவர். கரைத்தோற்றங்கள் இல்லாத கடல்வழிக் குறிப்பைக் கப்பல்காரர்கள் அன்று பாதிக் குறிப்பாகவே எண்ணினார்கள்.

அதனால்தான் அதிகாரிகளின் படங்களில் ஒரு தனிக் குணம் தெரியும். மேகம் ஏனோதானோ என்று இருக்கும். பாய்மரக் கயிறு ஒவ்வொன்றும் சரியான இடத்தில் இருக்கும். ஓவியர் அழகுக்காக ஒரு குன்றை நகர்த்துவார். அதிகாரி நகர்த்த மாட்டார், நகர்த்தினால் கப்பல் தரைதட்டும்.

எங்கே கற்றுக்கொண்டார்கள்?

போர்ட்ஸ்மத்தில் 1733இல் திறந்த அரச கடற்படைப் பள்ளியில் கணிதம், கப்பலோட்டுதலோடு வரைதலும் பாடமாக இருந்தது. ஜான் கிறிஸ்டியன் ஷெட்கி என்ற கடலோவியர் 1811 முதல் 1836 வரை அங்கே ஓவிய ஆசிரியராக இருந்தார். பிறகு கம்பெனிப் படைக்கு அதிகாரிகளைத் தயார்செய்த அடிஸ்கோம்ப் பள்ளிக்குப் போனார். அதாவது, இந்தியாவுக்கு வந்த படை அதிகாரிகள் பலருக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரே கப்பல் வரையத் தெரிந்தவர்.

ஆனால் பலர் பதினொன்று, பன்னிரண்டு வயதில் நேராகக் கப்பலேறியவர்கள். அவர்களுக்கு மூத்த அதிகாரியின் குறிப்பேடுதான் பாடப்புத்தகம்.

ஒருவருடைய வாழ்க்கையை முழுதாகச் சொல்ல முடியுமா?

ஜார்ஜ் பேக் நல்ல எடுத்துக்காட்டு. 1796இல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர். 1808இல், பன்னிரண்டு வயது நிரம்பும் முன்பே, ‘அரெதூசா’ என்ற போர்க்கப்பலில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஸ்பெயின் கரையில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கினார். வெர்டன் கோட்டையில் 1814 வரை சிறை. அங்கேதான் கணிதமும் பிரெஞ்சும் வரைதலும் படித்தார். சிறை அவருக்குப் பள்ளிக்கூடமானது என்று சொன்னால் மிகையில்லை.

1818இல் ‘ட்ரெண்ட்’ கப்பலில் ஜான் பிராங்ளினோடு வடதுருவம் நோக்கிப் பயணம். 1819 முதல் 1822 வரை பிராங்ளினின் தரைவழிப் பயணத்தில் கனடாவின் காப்பர்மைன் ஆற்றுப் பக்கம் போனார். அந்தக் குழுவில் படம் வரையும் பொறுப்பு இருவருக்கு: பேக், ராபர்ட் ஹூட். இருவரும் இளம் கடற்படை அதிகாரிகள். திரும்பும் வழியில் உணவு தீர்ந்தது. பாறையில் ஒட்டியிருந்த பாசியையும் பழைய தோலையும் தின்றார்கள். 1821 அக்டோபரில் ஹூட் சுட்டுக் கொல்லப்பட்டார். பேக் முன்னால் நடந்துபோய், அக்காய்ச்சோ என்ற பழங்குடித் தலைவரின் ஆட்களைக் கண்டுபிடித்ததால்தான் மிஞ்சியவர்கள் பிழைத்தார்கள். 1823இல் வந்த பிராங்ளினின் பயண நூலில் உள்ள படங்கள் பேக், ஹூட் இருவருடைய கைவேலையிலிருந்து செதுக்கியவை. ஒருவர் அச்சான படத்தைப் பார்க்கவே இல்லை.

பேக் அதோடு நிற்கவில்லை. 1825 முதல் 1827 வரை மீண்டும் பிராங்ளினோடு போனார். 1833இல் தானே தலைவராகக் கிளம்பி, அதுவரை வரைபடத்தில் இல்லாத பெருமீன் ஆற்றின் வழியாக 1834இல் கடலை எட்டினார். அந்த ஆறு இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1836இல் ‘டெரர்’ கப்பலோடு போனபோது பனிக்கட்டி பத்து மாதம் கப்பலைப் பிடித்து நெரித்தது. நீர் புகப் புக இறைத்துக்கொண்டே வந்து, 1837இல் அயர்லாந்துக் கரையில் கப்பலை ஏற்றி நிறுத்தினார். 1839இல் சர் பட்டம் கிடைத்தது. பிறகு அவர் கப்பலேறவில்லை. ஓய்வுப் பட்டியலிலேயே பதவி ஏறி, 1876இல் அட்மிரல் ஆகி, 1878இல் இறந்தார்.

பேக்கின் நீர்வண்ணங்களில் ஆற்று அருவி, படகைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஆட்கள், பனிக்கு நடுவே சின்னதாக மனிதர் எனப் பார்க்கலாம். மனிதரை எப்போதும் சிறிதாகவே வைப்பார். அழகுணர்ச்சி என்று விமர்சகர்கள் எழுதுவதுண்டு. அளவு காட்டவும் அது உதவுகிறது: ஆள் நின்றால்தான் அருவியின் உயரம் தெரியும்.

வேறு யார் யார்?

கேப்ரியல் ப்ரே 1774–75இல் ‘பல்லாஸ்’ கப்பலில் லெப்டினன்டாக இருந்தபோது மாலுமிகள் மீன்பிடிப்பது, தூங்குவது, சாப்பிடுவது என்று வரைந்தார். அந்தத் தொகுப்பு கிரீனிச்சின் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஓவன் ஸ்டான்லி ‘ராட்டில்ஸ்னேக்’ கப்பலின் கேப்டனாக ஆஸ்திரேலியா, நியூகினியா கரைகளை அளந்தபடியே வரைந்து, 1850இல் சிட்னியில் கப்பலிலேயே இறந்தார். சாமுவேல் கர்னி கிரெஸ்வெல் ‘இன்வெஸ்டிகேட்டர்’ பனியில் சிக்கியதை வரைந்தார். அவற்றில் எட்டு 1854இல் வண்ணக் கல்லச்சாக வெளிவந்தன. இந்தியாவைப் பொறுத்தவரை கமாண்டர் ராபர்ட் எலியட்டைச் சொல்ல வேண்டும். 1822–24இல் அவர் இந்தியாவிலும் சீனக் கரையிலும் செங்கடலிலும் போட்ட கோட்டோவியங்களை வைத்து, லண்டனில் சாமுவேல் பிரௌட், கிளார்க்சன் ஸ்டான்ஃபீல்ட் போன்ற தொழில்முறை ஓவியர்கள் மீண்டும் வரைந்தார்கள். அவை 1830–33இல் அச்சாயின. அப்படி இரண்டு கை மாறிய படத்தில் மரமும் மேகமும் பெரும்பாலும் லண்டன்காரருடையவை. கட்டடத்தின் கோடு மட்டும் அதிகாரியுடையது என்று வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

மும்பைக்கும் மதராசுக்கும் இதில் என்ன பங்கு?

மும்பை கப்பல் கட்டிய ஊர். வாடியா குடும்பத்தார் இங்கே தேக்கில் கட்டிய ‘ட்ரிங்கோமலி’ 1817இல் நீரில் இறங்கியது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூலில் மிதக்கிறது. 1842இல் நான்ஜிங் ஒப்பந்தம் கையெழுத்தான ‘கார்ன்வாலிஸ்’ கப்பலும் மும்பையில் கட்டியதே. ஆகவே பிரிட்டிஷ் அதிகாரி எங்கோ சீனத்தில் வரைந்த கப்பல் படத்தில் இருப்பது மும்பைத் தச்சரின் வேலையாக இருக்கலாம்.

அன்று மதராசில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரை சேர வேண்டும். கடிதம் கொண்டுபோவது கட்டுமரம். அந்தக் காட்சி அதிகாரிகளின் குறிப்பேடுகளில் திரும்பத் திரும்ப வரும், ஏனென்றால் கப்பலில் காத்திருந்த நேரத்தில் கண்ணெதிரே இருந்தது அதுதான். நம் சொல் ஆங்கிலத்துக்குப் போய் ‘கேட்டமரான்’ ஆனதும் இப்படிப்பட்டவர்கள் வாயிலாகத்தான்.

கப்பலில் எப்போது வரைய நேரம் கிடைக்கும்?

காவல் முறையைப் பார்த்தால் புரியும். நாள் நான்கு நான்கு மணி நேரக் காவல்களாகப் பிரியும்: 0000–0400, 0400–0800, 0800–1200, 1200–1600. மாலையில் மட்டும் 1600–1800, 1800–2000 என இரண்டு அரைக்காவல். ‘டாக் வாட்ச்’ என்பார்கள். பிறகு 2000–2400. அரைக்காவல் இருப்பதால் நாளொன்றுக்கு ஏழு காவல் வருகிறது. ஒற்றைப்படை எண் என்பதால் ஒரே ஆளுக்குத் தினமும் ஒரே நேரம் வராமல் சுழலும்.

பாய்மரக் காலத்தில் கப்பலே கொஞ்சம் மூச்சுவிடுவது அந்த மாலை நேரத்தில். வெளிச்சம் சாய்ந்து விழும் நேரமும் அதுவே. பழைய நீர்வண்ணங்களில் நிழல் நீளமாக விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, அதிகாரிகளின் படங்கள் பெரும்பாலும் சிறியவை. மடியில் வைத்து ஒரே அமர்வில் முடியும் அளவுதான்.

என்ன பொருள்களைப் பயன்படுத்தினார்கள்? இன்று அதற்கு ஈடு என்ன?

1780வாக்கில் ரீவ்ஸ் சகோதரர்கள் வண்ணத்தைக் கட்டியாக்கி விற்றார்கள். தேய்த்துக் கரைக்க வேண்டிய கெட்டிக் கட்டி. 1835இல் வின்சர் அண்ட் நியூட்டன் கிளிசரின் கலந்த ஈரக் கட்டியைக் கொண்டுவந்தது. ஈரத் தூரிகை பட்டதும் இளகும். 1846இல் டியூப் வந்தது. வெள்ளைக்கு 1834 முதல் துத்தநாக வெள்ளை. பனிநாட்டில் தூரிகையில் நீர் உறைந்தது. நம் கடலில் கட்டியின் மேல் பூஞ்சை வந்தது. கோந்தும் சர்க்கரைச் சத்தும் கலந்த பொருள் ஈரக்காற்றில் வேறு என்ன செய்யும்?

இன்று ஒரு சிறு பெட்டிக்கு ஆறு வண்ணம் போதும்: அல்ட்ராமரின் (உறையில் நிறமிக் குறியீடு பி.பி. 29), செருலியன் அல்லது தாலோ நீலம் (பி.பி. 15), மஞ்சள் ஓக்கர் (பி.ஒய். 42 அல்லது 43), பர்ன்ட் சியன்னா (பி.பி.ஆர். 7), ரா அம்பர், ஒரு நிலையான சிவப்பு. அலிசரின் கிரிம்சன் (பி.ஆர். 83) வாங்காதீர்கள், வெயிலில் வெளுக்கும். பெயரை நம்பாமல் நிறமிக் குறியீட்டைப் படியுங்கள், ஒரே பெயரில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொன்றை அடைக்கிறது. காகிதம் 300 ஜிஎஸ்எம், முழுப் பருத்தி. 22 × 30 அங்குல முழுத்தாளை எட்டாக மடித்துக் கிழித்தால் 7½ × 11 அங்குலம். மடியில் வைக்கச் சரியான அளவு. தூரிகை இரண்டு போதும்: 8ஆம் எண் உருண்டை ஒன்று, கயிறு வரைய 1ஆம் எண் ஒன்று.

கரைத்தோற்றம் வரைவது எப்படி? படிப்படியாகச் சொல்லுங்கள்.

கேட்வே ஆஃப் இந்தியா படிக்கட்டுப் பக்கம் நின்று எலிஃபெண்டா தீவை, அதாவது காராபுரியை வரைவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு சாதாரண அளவுகோலை எடுத்து, அதன் இரு முனையிலும் கயிறு கட்டுங்கள். கயிற்றைக் கழுத்தில் மாட்டி அளவுகோலை முன்னே நீட்டினால், கண்ணுக்கும் அளவுகோலுக்கும் 57 சென்டிமீட்டர் இருக்கும்படி கயிற்றைச் சரிசெய்யுங்கள். ஏன் 57? அந்தத் தொலைவில் ஒரு சென்டிமீட்டர் ஒரு பாகைக் கோணத்துக்குச் சமம். அதிகாரி கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியைக் கிடையாகப் பிடித்து அளந்ததை நீங்கள் பள்ளி அளவுகோலால் அளக்கிறீர்கள்.

அடுத்து, காகிதத்தில் மெல்லிய கிடைக்கோடு போடுங்கள். அதுதான் நீர்மட்டம். தீவின் இடமுனை, முதல் குன்றின் உச்சி, நடுப் பள்ளம், இரண்டாம் குன்று, வலமுனை என்று ஐந்து இடத்துக்கும் இடையேயுள்ள கிடை அளவை எடுத்து, கோட்டில் புள்ளி வையுங்கள். பாகைக்கு ஒரு சென்டிமீட்டர் போதாது என்றால் இரண்டு வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் ஓரத்தில் எழுதுங்கள்.

இப்போது உயரம். இங்கேதான் எல்லாரும் சறுக்குவார்கள். தீவின் உச்சி ஏறத்தாழ 150 மீட்டர், தொலைவு ஏறத்தாழ 10 கிலோமீட்டர். கோணம் ஒரு பாகைக்கும் குறைவு. உங்கள் அளவுகோலில் 9 மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் வரையச் சொன்னால் மூன்று சென்டிமீட்டருக்கு மலை எழுப்பாதவர் அரிது. மனம் முக்கியமானதைப் பெரிதாக்கும். பழைய நீரளவையாளர்களும் உயரத்தை இருமடங்காக்குவதுண்டு, குன்றின் வடிவம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. வேண்டுமென்றே, சீராகச் செய்தால் அது முறை. தெரியாமல் செய்தால் பிழை.

கோடு முடிந்ததும் மூன்று பூச்சு. முதலில் வானமும் நீரும் சேர்த்து மிக வெளிறிய ஓக்கர். நன்றாகக் காய்ந்தபின் தொலைமலைக்கு அல்ட்ராமரினும் ஒரு துளி பர்ன்ட் சியன்னாவும். கடைசியில் தீவின் அடிப்பகுதி மரங்களுக்குக் கொஞ்சம் அழுத்தமான அதே கலவை. பச்சை வேண்டாம். பத்து கிலோமீட்டர் ஈரக்காற்றுக்கு அப்பால் பச்சை தெரியாது. ஓரத்தில் தேதி, நேரம், நின்ற இடம், உச்சியின் திசை, ஏற்றமா இறக்கமா என்று எழுதுங்கள். இது இல்லாத கரைத்தோற்றம் வெறும் அஞ்சலட்டை.

நான் வரையும் கப்பல் தண்ணீரில் மிதக்காமல் தொங்குகிறது. என்ன தவறு?

பெரும்பாலும் தொடுவானக் கோடு. சமமான கடலில் உங்கள் கண் நீர்மட்டத்திலிருந்து 5 மீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் எல்லாக் கப்பலையும் அதனதன் நீர்க்கோட்டிலிருந்து 5 மீட்டர் உயரத்தில்தான் வெட்டும். பக்கத்துக் கப்பலாக இருந்தாலும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் இதே கணக்கு. பக்கத்துப் படகின் கூரை 3 மீட்டர் என்றால் அது முழுதும் தொடுவானத்துக்குக் கீழே கிடக்க வேண்டும். மும்பைத் துறைமுகத்தில் எதிர்க்கரை மறைப்பதால் தொடுவானம் நேராகத் தெரியாது. கண் மட்டத்தில் மெல்லிய கோடு போட்டு வைத்துப் பிறகு அழித்துவிடுங்கள்.

இரண்டாவது காரணம், நீர்க்கோட்டை வளைத்து வரைவது. அணியம் (முன்பகுதி) மேலெழும், அமரம் (பின்பகுதி) அகலும், ஆனால் கப்பல் நீரைத் தொடும் கோடு பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நேர்கோடுதான். தூத்துக்குடித் தோணி, கொங்கணத்துப் பட்டமார் போன்றவற்றில் மேல்விளிம்பு நன்றாக வளையும். அந்த வளைவைக் கண் கீழே இறக்கிவிடும். முக்கோணப் பாய் உள்ள படகில் பருமல் (பாயைக் கட்டும் சாய்ந்த கழி) பாய்மரத்தைவிட நீளமாக இருக்கலாம், அதைச் சுருக்கி வரைந்தால் பொம்மைப் படகு ஆகிவிடும்.

மூன்றாவது, பிரதிபலிப்பு. வெளிறிய பொருளின் பிம்பம் நீரில் சற்று இருண்டும், இருண்ட பொருளின் பிம்பம் சற்று வெளிறியும் வரும். சிற்றலை இருந்தால் பிம்பம் உங்களை நோக்கி நீளும், பக்கவாட்டில் விரியாது. சாம்பல் நிறப் போர்க்கப்பலுக்குக் கறுப்பு கலக்காதீர்கள். அல்ட்ராமரின் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா ஒரு பங்கு, நிறைய நீர்.

கடலின் நிறம் பற்றியும் கேட்கிறார்கள். மும்பைத் துறைமுகம் நீலம் அல்ல. வண்டல் கலந்த நீர். ரா அம்பரோடு சிறிது அல்ட்ராமரின், ஏற்றம் முடியும் நேரத்தில் கொஞ்சம் ஓக்கர். நீல வானம் இருந்தால் அலையின் மேற்பரப்பில் மட்டும் அதன் சாயல் தெரியும்.

ஏற்ற இறக்கம் படத்தைக் கெடுக்கிறதே?

கெடுக்கும். ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை ஏற்றம். நாளுக்கு 50 நிமிடம் தள்ளும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மூன்றரை மீட்டருக்கு மேல் நீர் ஏறி இறங்கும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் படிக்கட்டில் பாதி முழுகிவிடும். அட்டவணை பார்த்து, ஏற்றத்தின் உச்சிக்கு அரைமணி முன்னும் பின்னும் வரைந்தால் நீர் ஏறத்தாழ நிற்கும். நங்கூரமிட்ட படகுகள் நீரோட்டத்துக்கு ஏற்பத் திரும்புவதும் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான், எனவே படகின் வெளிக்கோட்டை முதலிலேயே போட்டு முடியுங்கள்.

மழைக்காலத்தில் பூச்சு காயவே மாட்டேன் என்கிறது.

ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை அப்படித்தான். பூச்சு மெதுவாகக் காய்வதால் கீழ்விளிம்பில் தேங்கிய நீர் திரும்ப மேலேறி, பூக்கோசு போல விளிம்பு விழும். பலகையை 15 பாகை சாய்த்து, அடியில் தேங்கும் துளியைப் பிழிந்த தூரிகையால் உறிஞ்சுங்கள். ஹேர் டிரையர் பயன்படுத்துவதானால் மினுமினுப்பு போனபிறகு, ஒரு அடி தள்ளிப் பிடித்து. ஈரம் மினுங்கும்போது ஊதினால் நிறமி ஓரத்துக்கு ஓடும்.

காகிதத்தின் பசைப்பூச்சு ஈரத்தில் செத்துப்போவதும் உண்டு. தூரிகை வைத்ததும் மை உறிஞ்சும் தாள் போலப் புள்ளி புள்ளியாக இழுக்கும். அந்தத் தாளைக் காப்பாற்ற முடியாது. புதுத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கட்டி வண்ணப் பெட்டியை வரைந்தவுடன் மூடாதீர்கள், மின்விசிறியடியில் ஓர் இரவு திறந்து வைத்தபின் மூடுங்கள்.

எங்கே உட்கார்ந்து வரையலாம்? சட்டச் சிக்கல் வருமா?

கேட்வே கிழக்கு நோக்கியது. காலையில் வெயில் எதிரே, கப்பல்கள் நிழலுருவாகத் தெரியும். நான்கு மணிக்கு மேல் வெளிச்சம் உங்கள் முதுகுப்பக்கம், நிறம் தெரியும். மரைன் டிரைவ் நேர் எதிர். சிவ்ரி சேற்றுப்பரப்பு குளிர்காலத்தில் பூநாரைகளோடு நன்றாக இருக்கும். எலிஃபெண்டா குகைகள் திங்களன்று மூடியிருக்கும்.

சட்டம்: 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் 3ஆம் பிரிவில் ‘கோட்டோவியம்’ என்ற சொல்லே இருக்கிறது. எதிரிக்குப் பயன்படக்கூடிய படமோ வரைபடமோ குறிப்போ எடுப்பது குற்றம். கடற்படை நிலையம் சம்பந்தப்பட்டதானால் 14 ஆண்டு வரை சிறை. கேட்வேக்கு வடக்கே இருப்பது கடற்படைத் தளம். அதன் சுவரை, வாயிலை, உள்ளே நிற்கும் கப்பலின் கருவிகளைக் குறிவைத்து வரைய வேண்டாம். கொலாபாவின் நேவி நகர்ப் பக்கமும் அப்படியே. பொதுப் படித்துறையிலிருந்து பொதுக்காட்சியாக வரைவது வேறு. காவலர் கேட்டால் ஏட்டைத் திறந்து காட்டிவிட்டு, எழுந்திருக்கச் சொன்னால் எழுந்துவிடுங்கள், வாதம் வேண்டாம்.

தாத்தாவின் படங்கள் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. முதலில் என்ன செய்ய வேண்டும்?

வெயிலில் காய வைக்காதீர்கள். இதுதான் வழக்கமாக நடக்கும் முதல் சேதம். ஈரம் போகும், நிறமும் போகும்.

மழை இல்லாத நாளில், கை கழுவித் துடைத்து, வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஒவ்வொன்றாக எடுங்கள். எந்த வரிசையில் இருந்தன என்பதைக் குறியுங்கள். அடுக்கு வரிசையே தேதிக்குத் துப்பு. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுங்கள். பின்பக்கத்துப் பென்சில் எழுத்துதான் பல நேரம் முன்பக்கத்தைவிட மதிப்புள்ளது: கப்பல் பெயர், தேதி, அகலாங்கு, சில சமயம் அன்றைய காற்று. அதை அழிப்பானால் ‘சுத்தம்’ செய்தவர்கள் உண்டு.

பஞ்சு போன்ற பூஞ்சை தெரிந்தால் அந்தத் தாளைத் தனியே பிரியுங்கள், ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள். முகக்கவசம் போட்டு, காற்றோட்டமான நிழலில் சில நாள் வைத்து உலர்ந்தபின் மென்மையான தூரிகையால் வெளிப்பக்கம் தட்டலாம். பழுப்புப் புள்ளிகளை நீங்களே வெளுக்க முயலாதீர்கள். மும்பையின் சத்ரபதி சிவாஜி மகாராஜ் வாஸ்து சங்கிரகாலய அருங்காட்சியகத்தில் ஓவியப் பாதுகாப்பு மையம் உள்ளது, அங்கே கேட்கலாம்.

பிறகு அமிலமில்லாத தாளை இடையில் வைத்து, அட்டைப் பெட்டியில் கிடையாக அடுக்குங்கள். லேமினேஷன் மட்டும் கூடவே கூடாது. திரும்ப எடுக்க வழியே இல்லை.

கணினியில் ஏற்றுவதற்கு 600 டிபிஐ, டிஃப் கோப்பு. ஸ்கேனருக்குள் அடங்காத படத்தை, இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்துக் கேமராவில் எடுக்கலாம். ஓரத்தில் நிற அட்டையும் அளவுகோலும் இருக்கட்டும்.

சட்டமிட்டு மாட்டலாமா?

மாட்டலாம். கடைக்காரரிடம் நாலு விஷயம் சொல்லுங்கள்: அமிலமில்லாத மவுன்ட் அட்டை, படம் கண்ணாடியைத் தொடக்கூடாது, செல்லோடேப்புக்குப் பதில் ஜப்பானியத் தாள் கீற்றும் கோதுமைப் பசையும்தான், படத்தை வெட்டக்கூடாது. கடைசியைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓரக் குறிப்புகளை ‘அசிங்கம்’ என்று வெட்டி நேராக்கித் தருவது இங்கே சாதாரணம். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், ஜூலையில் அந்தச் சுவர் வியர்க்கும். அருங்காட்சியகங்கள் காகித ஓவியத்துக்கு 50 லக்ஸ் அளவே வெளிச்சம் வைக்கின்றன. வீட்டில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அதைவிடப் பல மடங்கு. நடுக்கூடத்து உள்சுவர் பரவாயில்லை.

படத்தில் தேதி இல்லை. கண்டுபிடிக்க முடியுமா?

கப்பலின் கொடியைப் பாருங்கள். 1950 ஜனவரி 26க்கு முன் மூலையில் யூனியன் ஜாக். அதன்பின் சிவப்புச் சிலுவையோடு மூவர்ணம். 2001 ஆகஸ்டில் சிலுவை போய் நீலச் சின்னம் வந்தது. 2004இல் சிலுவை திரும்பி வந்தது, நடுவில் அசோகச் சின்னத்தோடு. 2022 செப்டம்பர் 2 முதல் எண்கோணச் சின்னம்.

பின்னணியில் கேட்வே முழுதாக இருந்தால் 1924க்குப் பின். தாஜ் ஓட்டலின் உயரக் கட்டடம் இல்லையென்றால் பெரும்பாலும் 1970களுக்கு முன். பழைய ‘விக்ராந்த்’ விமானந்தாங்கிக் கப்பல் தெரிந்தால் 1961 நவம்பருக்குப் பின். பழைய தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நீர்க்குறியில் வாட்மேன் பெயரும் ஆண்டும் தெரியலாம்; படம் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது, ஆனால் பிந்தியதாக எவ்வளவும் இருக்கலாம்.

பணிப்பதிவு வேண்டுமென்றால், மாலுமிகளின் பதிவுகள் மான்கூர்டிலுள்ள மாலுமிகள் பணியகத்தில். அதிகாரிகளுடையவை டெல்லி தலைமையகத்தில். பிரிட்டிஷ் அதிகாரியானால் லண்டன் கியூ ஆவணக்காப்பகத்தின் ஏடிஎம் 196 வரிசை. கம்பெனிக் கப்பல்களுக்குப் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகப் பதிவுகள். கப்பலின் நாட்குறிப்போடு படத்தின் தேதியை ஒப்பிட்டால், அவர் அந்த இடத்தில் இருந்தாரா, வேறொருவர் படத்தைப் பார்த்து வரைந்தாரா என்பது வெளிப்படும். பார்த்து வரைவது அன்று வழக்கம்தான், மோசடி அல்ல.

விற்கலாமா? புத்தகத்தில் போடலாமா? அமெரிக்காவிலிருக்கும் மகனுக்கு அனுப்பலாமா?

காப்புரிமை ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு வாரிசுகளுக்கு. ஓய்வு நேரத்தில் வரைந்தால்தான் இது; அரசுப் பணியின் பகுதியாக வரைந்த படத்துக்கு அரசே முதல் உரிமையாளர். நூறு ஆண்டு தாண்டிய ஓவியம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1960இல் வரைந்தது அந்த வகையில் இல்லை. ஆனாலும் தேதிக்கு ஆதாரத்தை, பின்பக்கப் படத்தோடு, பொட்டலத்திலேயே வையுங்கள். இல்லையென்றால் சுங்கத்தில் நிற்கும்.

மகளுக்கு வரைவதிலும் கடற்படையிலும் ஆர்வம். ஓவியம் சேர்க்கைக்கு உதவுமா?

மதிப்பெண்ணுக்கு உதவாது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். தேசியப் பாதுகாப்புப் பயிற்சிக் கழகத்துக்கு (என்டிஏ) யூபிஎஸ்சி நடத்தும் தேர்வு, வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை, பிறகு ஐந்து நாள் தேர்வு வாரியம். பெண்களும் 2022 முதல் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு, எழிமலையில் ஓர் ஆண்டு, பிறகு பயிற்சிக் கப்பல். வரைபடமெல்லாம் இப்போது திரையில்தான். பணியிலிருக்கும்போது வரைந்ததை வெளியிடவோ கண்காட்சி வைக்கவோ அனுமதி வாங்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கடல்நீரைத் தொட்டு வரையலாமா?

உப்புப் படிகம் நிறமியை இழுத்து அழகான புள்ளிகள் விழும். அந்த உப்பு காகிதத்திலேயே தங்கி, ஒவ்வொரு ஜூனிலும் ஈரத்தை இழுக்கும். நல்ல நீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோங்கள், கைப்பிடியில் கயிறு கட்டி.